அம்பாசிடர் இன்ஜினில் துரு: கூலிங் சிஸ்டத்தை அடிவரை சுத்தம் செய்ய முழு வழிகாட்டி

பழைய அம்பாசிடர் ஹீட் ஆகிறது என்று சொன்னால், பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கை வைப்பது ரேடியேட்டரில்தான். கழற்றிக் கடையில் கொடுத்து, சுத்தம் செய்து, திரும்ப மாட்டுவார்கள். கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடும். அப்புறம் முள் மறுபடியும் மேலே ஏறும். மூடியைத் திறந்தால் அதே செம்பழுப்புத் தண்ணீர்.

ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அது துருப்பிடிக்காது. அதில் வந்து அடைக்கும் துரு முழுவதும் வார்ப்பிரும்பு பிளாக்கிலும் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) அதன் மேல் உட்காரும் ஹெட்டிலும் உருவானது. பிளாக்கின் அடியில் சேறு இருக்கும்வரை ரேடியேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது திரும்ப அடைக்கும். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் பிளாக்குக்குள் போக வேண்டும். துருவைக் கரைக்கும் மருந்து ஊற்றுவது அதற்கு அப்புறம்தான்.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் ஓடிய பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின் அது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதே முறை பொருந்தும். பிரீமியர் பத்மினிக்கும், 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வைத்த அம்பாசிடருக்கும் ஹெட் அலுமினியம். அவற்றுக்கு மருந்து விஷயத்தில் வேறு கணக்கு, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

சேறு எங்கே தங்குகிறது

இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் பம்ப் தண்ணீரை பிளாக்கின் முன்பகுதிக்குள் தள்ளுகிறது. தண்ணீர் பின்னால் போய், துளைகள் வழியாக ஹெட்டுக்கு ஏறி, முன்னால் இருக்கும் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) வழியாக ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. இந்தப் பாதையில் ஓட்டம் மிகவும் மந்தமான இடம் பிளாக்கின் பின் அடிப்பகுதி, அதாவது நான்காம் சிலிண்டரைச் சுற்றி. உதிர்ந்த துருச் செதில், வார்ப்பு மணல், போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் அங்கே போய்ப் படிந்து, காலப்போக்கில் களிமண் மாதிரி இறுகிவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். முள் நடுவில் நிற்கும்போதே நான்காம் சிலிண்டரின் சுவர் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கலாம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

காலையில், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துக்குள் விரலை விட்டு உள்சுவரைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று செம்பழுப்புப் பொடி ஒட்டினால் துரு. வெள்ளையாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருந்தால் சுண்ணாம்பு. பால் கலந்த காபி நிறத்தில் வழவழவென்று வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தாலும் சந்தேகம் கேஸ்கெட் மேல்தான்.

வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்பதும் முக்கியம். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் துடுப்புகளில் அடைந்த தூசு ஆகியவற்றைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் தடைபடுகிறது. துரு அடைத்த வண்டி காட்டுவது இதைத்தான்.

ரேடியேட்டர் ஒழுகியபோது யாராவது மஞ்சள் தூளோ ஒழுகல் அடைக்கும் பவுடரோ போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். போட்டிருந்தால் மெல்லிய குழாய்களில் அது கெட்டியாக உட்கார்ந்திருக்கும். கழுவினால் போகாது, ரேடியேட்டர் கடைக்குத்தான் போக வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டியவை

சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை லெமன் சால்ட், ஒரு கிலோ. சலவை சோடா அரை கிலோ. ஆப்ப சோடா ஒரு பாக்கெட். பிஎச் பார்க்கும் தாள், மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் பதினைந்து லிட்டர். புது ஹோஸ்கள், கிளாம்புகள், தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை மூடும் கோர் பிளக்குகள். சென்னையில் இருப்பவர்கள் புது உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டையும், கிடைக்காத பழசுக்குப் புதுப்பேட்டையையும் சுற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழைய பிளக்கின் அளவையும் வடிவத்தையும் பார்த்த பிறகு புதுசு வாங்குங்கள். கிண்ண வடிவம், தட்டு வடிவம் என்று இரண்டு உண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பித்தளையில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கையுறை, கண்ணாடி கட்டாயம்.

தண்ணீரை வடித்தல்

இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். 7 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி போட்ட சிஸ்டத்தில் தண்ணீர் ஏறக்குறைய 112 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அது முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு தொட்டியில் பிடியுங்கள். கூலண்ட் இருந்த வண்டி என்றால் சாக்கடையில் விட வேண்டாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வடிந்த தண்ணீர், அடுத்து பிளாக்கில் வருவதையும் சேர்த்து, எத்தனை லிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், மருந்துக் கணக்குக்கு வேண்டும்.

அடுத்தது பிளாக்கின் வடிகுழாய். ரேடியேட்டரில் வடித்தாலே எல்லாம் வந்துவிட்டது என்று பலர் இதைத் தொடுவதே இல்லை. பிளாக்கின் பின்பகுதியில், வலது பக்கம் தாழ்வாக ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும். திறந்தால் ஒரு சொட்டுகூட வராமல் போகலாம். பிளாக் காலி என்று அதற்கு அர்த்தமில்லை. உள்ளே சேறு அடைத்து நிற்கிறது. குழாயை ஸ்பேனர் போட்டு முழுவதுமாகக் கழற்றி, துளைக்குள் பழைய கிளட்ச் கேபிளின் உள்கம்பியை விட்டுச் சுற்றுங்கள். முதலில் கம்பி ஒரு அங்குலம்கூடப் போகாது. சுற்றிச் சுற்றி அழுத்தினால் கறுப்புக் கூழ் நுனியில் வரும், பிறகு திடீரென்று தண்ணீர் பீறிடும். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். ரேடியேட்டரில் வந்ததைவிடப் பல மடங்கு கறுப்பாக இருக்கும்.

பிளாக்குக்குள் கை வைத்தல்

மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரை எடுத்துவிடுங்கள். நீங்கள் பிளாக்கில் வேலை செய்யும் நேரத்தில் அது கடையில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். பல வண்டிகளில் அது அலுமினியம், இரும்பு ஸ்டடுகளோடு அரித்து ஒட்டியிருக்கும். ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே அடித்து வைத்து, மரச்சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நெம்பினால் மூடி விரிந்துவிடும்.

இப்போது கோர் பிளக்குகள். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தெரியும் மெல்லிய தகட்டு மூடிகள் இவை. சில மேனிஃபோல்டுக்குப் (ஹெட்டின் பக்கத்தில் மாட்டிய புகை, காற்றுக் குழாய்த் தொகுதி) பின்னால் மறைந்திருக்கும், அதையும் கழற்ற வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனால் துருவை உள்ளிருந்து வாங்கி மெலிந்துபோன பழைய பிளக்குகள் ஆசிட் பட்டதும் ஒழுகுவது ரொம்ப சகஜம். வேலை முடிந்த பிறகு ஒழுகி மறுபடி எல்லாம் கழற்றுவதைவிட இப்போதே மாற்றுவது மேல்.

கிண்ண வடிவப் பிளக்கின் ஒரு ஓரத்தில் மழுங்கிய உளியை வைத்து அடித்தால் அது துளைக்குள் பக்கவாட்டில் திரும்பும். திரும்பியதும் பிளையரால் பிடித்து இழுத்துவிடலாம். நேராக அடித்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். தட்டு வடிவம் என்றால் நடுவில் ஒரு துளை போட்டு, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி எடுங்கள். பின்னால் சிலிண்டர் சுவர் இருப்பதால் துளையிடும் கருவி ஆழமாகப் போகக் கூடாது.

பிளக் போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். தண்ணீர் சுற்றிவர வேண்டிய இடத்தில் பாதி உயரத்துக்குச் சேறு நிற்கும். முன்பக்கம் அது ஈரக் கூழாக இருக்கும். பின்னால் போகப் போக அடுக்கடுக்காக இறுகி, மேலே செம்பழுப்பாகவும் அடியில் காற்று படாத இடத்தில் கறுப்பாகவும் இருக்கும். வளைத்த கம்பி, நீண்ட ஸ்க்ரூடிரைவர், பழைய வைப்பர் பிளேடின் எஃகுப் பட்டை, எது உள்ளே போகுமோ அதை வைத்துக் கிளறுங்கள். கிளறுவது, தண்ணீர் அடிப்பது, மறுபடி கிளறுவது. நான்காம் சிலிண்டருக்குப் பின்னால் கம்பி தடங்கலில்லாமல் போய் இரும்பில் “டக்” என்று முட்டும்வரை விடாதீர்கள். சிட்ரிக் ஆசிட் மெல்லிய துருவைக் கரைக்கும். விரல் பருமனுக்கு இறுகிய சேற்றின் மேல்தோலை மட்டும்தான் தொடும். இந்தக் கைவேலைக்கு மாற்றே இல்லை.

பிறகு தெர்மோஸ்டாட் இருந்த வாய் வழியாகத் தோட்டத்துக் குழாயை விட்டு, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீரைச் செலுத்துங்கள். பம்பின் வாய், பிளக் துளைகள், வடிகுழாய்த் துளை எல்லாவற்றிலும் தெளிந்த தண்ணீர் வரவேண்டும். இன்ஜின் ஆறிய பிறகே இதைச் செய்யுங்கள். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

புதுப் பிளக்குகளை மாட்டும் முன் துளையின் விளிம்பை எமரி தாளால் பளபளப்பாக்கி, ஓரத்தில் சீலண்ட் தடவி, சரியான அளவுள்ள சாக்கெட்டை வைத்து நேராக அடித்து இறக்குங்கள்.

ரேடியேட்டர் கடையில் சொல்ல வேண்டியவை

மேல் தொட்டியின் ஈயப்பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் பட்டைக் கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது படிவோடு சேர்த்து ஈயப்பற்றையும் பித்தளையையும் தின்னும். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் காற்று செலுத்திச் சோதிக்க வேண்டாம் என்பதும் முக்கியம். வாங்கும்போது மேல் வாயில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள். கீழ் வாயில் அதே வேகத்தில் கொட்ட வேண்டும். மேலே தேங்கி வழிந்தால் வேலை முடியவில்லை.

எண்ணெய்ப் படலம், பிறகு துரு

ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் மாட்டுங்கள். தெர்மோஸ்டாட் இப்போது வேண்டாம், அதன் மேல்மூடியை மட்டும் மாட்டினால் போதும். தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் மருந்து சுற்றாது.

மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் ஒரு வடிகட்டி வையுங்கள். ஷூ கடைகளில் கிடைக்கும் மெல்லிய நைலான் சாக்ஸ் ஒன்றை ரேடியேட்டர் வாய்க்குள் பைபோலத் தொங்கவிட்டு, விளிம்பை வெளியே மடித்து, அதன்மேல் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட வேண்டும். பிளாக்கிலிருந்து இனி உதிரும் செதில்கள் அதில் நிற்கும். இல்லையென்றால் காசு கொடுத்துச் சுத்தம் செய்த குழாய்களில் போய்ச் சொருகும்.

துருவின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஆசிட் வேலை செய்யாது. அதனால் முதலில் சலவை சோடா, ஒரு லிட்டருக்கு 25 கிராம் அளவில் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். இன்ஜினைச் சூடாக்கி இருபது நிமிடம் ஓடவிட்டு, ஆறவைத்து, வடித்து, இரண்டு முறை அலசுங்கள். பத்மினியிலும் இசுசு இன்ஜினிலும் சலவை சோடா கூடவே கூடாது, அலுமினியத்தை அரிக்கும்.

அடுத்தது சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டருக்கு 50 கிராம். 7 லிட்டர் பிடிக்கும் சிஸ்டம் என்றால் 350 கிராம். வாளியில் வெந்நீரில் முழுவதும் கரைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாததால் இன்ஜின் சீக்கிரம் சூடாகாது, ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்துப் பாதி மறையுங்கள். 70 முதல் 80 டிகிரிக்குள் நிற்கட்டும், கொதிக்க வேண்டாம். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் நிறுத்தி, ஆறியபின் சாக்ஸை எடுத்துப் பாருங்கள். நிறைந்திருந்தால் கழுவி மாட்டுங்கள். அடைத்த சாக்ஸோடு ஓடவிட்டால் இன்ஜின் ஹீட் ஆகும்.

மொத்தம் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஓட்டம் போதும். ராத்திரி முழுவதும் ஊறவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். துரு தீர்ந்தபின் ஆசிட் நல்ல இரும்பையும் ஈயப்பற்றையும் தேட ஆரம்பிக்கும். வடிக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாகவோ கறுப்பாகவோ வரும். இன்னும் துரு இருக்கிறது என்று தோன்றினால் பழைய கரைசலிலேயே நீட்டிக்காமல், புதிதாகக் கலந்து இன்னொரு முறை செய்யுங்கள். அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளுக்குப் பாதி அளவும் பாதி நேரமும் போதும். அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும், ஆசிட் இல்லாத துரு நீக்கி கிடைத்தால் அதுவே நல்லது.

நிற்கக் கூடாத கட்டம்

ஆசிட் வடித்த நிமிடத்திலிருந்து கூலண்ட் ஊற்றும்வரை இடைவெளி விடாதீர்கள். துரு போன இரும்பு நிர்வாணமாக இருக்கும், ஈரத்தோடு விட்டால் அன்றைக்கே ஆரஞ்சு நிறம் படரும். அதனால் இந்தக் கட்டத்தைச் சாயங்காலம் ஆரம்பித்து, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கக் கூடாது.

தண்ணீரால் ஒருமுறை அலசி, பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்த தண்ணீரை நிரப்புங்கள். மீதி ஆசிட்டோடு சேர்ந்து நுரைக்கும். மூடி திறந்தே இருக்கட்டும், மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, பிஎச் தாள் 7 காட்டும்வரை அலசுங்கள். பிளாக்கின் வடிகுழாயையும் ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். பிளாக்கில் எப்போதும் கொஞ்சம் தங்கும், அது குழாய்த் தண்ணீராக இருக்க வேண்டாம்.

மாட்டுவதும் நிரப்புவதும்

புது தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று பாருங்கள். இந்த இன்ஜினுக்குப் பொதுவாக 82 டிகிரி, வெப்பமான ஊர்களுக்கு 74. தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று தூக்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அது இல்லாத இன்ஜின் பாதி நேரம் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும், ஆயிலில் ஈரம் தங்கும்.

பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சீல் போய்விட்டது. ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அதே அழுத்தத்தில் புதுசு போடுங்கள். அழுத்தம் கூடிய மூடி பழைய ரேடியேட்டருக்கு ஆகாது.

கூலண்ட் விஷயத்தில், ஈயப்பற்று வைத்த செம்பு ரேடியேட்டருக்கு நான் தேர்ந்தெடுப்பது பழைய பச்சை வகை, சிலிகேட் உள்ளது. நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. ஆனாலும் கூலண்ட் வேண்டும், காரணம் அதில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். ஏற்கெனவே கலந்து விற்கும் வகை என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் காற்று குமிழாக வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸ் சூடாகும். மறுபடி ஊற்றி, கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் காலியாக விட்டு மூடுங்கள். தனித் தொட்டி இல்லாத வண்டியில் சூடான தண்ணீர் விரிவதற்கு அந்த இடம் வேண்டும்.

நைலான் சாக்ஸ் இன்னும் உள்ளே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டம் போய் வந்து, ஆறியதும் அதைத் திறந்து பாருங்கள். செதில் இருந்தால் கழுவி மாட்டி இன்னும் சில நாள் அப்படியே ஓட்டலாம், ஆனால் நீண்ட பயணம் வேண்டாம். சுத்தமாக வந்தால் எடுத்துவிடுங்கள். முதல் வாரம் தினமும் காலையில் மட்டத்தையும் புதுக் கோர் பிளக்குகளின் ஓரத்தையும் பாருங்கள், பச்சைக் கறை தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது. மூன்று மாதம் கழித்து பிளாக்கின் வடிகுழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடியுங்கள். தெளிந்த பச்சையாக வந்தால் அடுத்த வேலை இரண்டு வருடம் கழித்துக் கூலண்ட் மாற்றுவதுதான். பழுப்பாக வந்தால் உடனே வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, புதுக் கூலண்ட் ஊற்றுங்கள்.